உறுமாத நாயை எடுக்காதே

தம்பி, இதைக் கதிரையில் இருந்து வாசி. பிள்ளைகள் லியாவும் மத்தியுவும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசி. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சுற்றி வளைக்கிற ஆள் என்று உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை லவாலில் நாங்கள் பார்த்த அந்த வெள்ளை நாயைச் சனிக்கிழமை நீ வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது கடிக்கும். ஒரு சத்தமும் போடாமல் கடிக்கும். யாரைக் கடிக்கும் என்றும் என்னால் சொல்ல முடியும். உன் வீட்டில் கட்டிப்பிடித்து அதன் வாய்க்கு நேராக முகத்தை வைக்கிற ஆள் லியாதான். இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகிறது.

இதை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை உனக்குப் போன் எடுத்தேன். "என்னப்பா?" என்றாய். "சும்மா எடுத்தனான், அங்கை மழையோ?" என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையும் எடுத்தேன். அன்றைக்கும் மழையைத்தான் விசாரித்தேன். உங்கள் இல்-பிசார் தீவுக்கும் எங்கள் அப்பார்ட்மென்டுக்கும் நடுவில் அரை மணித்தியாலக் கார் ஓட்டம். அங்கே மழை என்றால் இங்கேயும் மழைதான் என்று தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. போனை வைத்த பிறகு உன் அம்மா, "மனுசன் வானிலை அறிக்கை வாசிக்க வெளிக்கிட்டிட்டுது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓ.எல். படித்து, அதிலும் கணக்கை இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான். ஆனால் எழுத்து ஓரளவு வரும். பேச வெளிக்கிட்டால் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன். பேப்பரில் பகிடி விட்டாலும் அடுத்த வரி என்று ஒன்று எழுதத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை ஒரு தரம் நினைத்துப் பார். பூசை முடிந்து, உங்கள் தீவில் இருந்து கார் ஏற்றுகிற அந்தச் சின்னப் படகில் லவாலுக்குப் போனோம். பிள்ளைகள் இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரெஞ்சுக்கார மதாமின் வீட்டில் இரண்டு நாய்கள். அவளும் புருஷனும் நாய் வைத்திருக்க விடாத இடத்துக்கு மாறிப் போகிறார்களாம், அதனால் இரண்டையும் கொடுக்கிறார்கள். வெள்ளை, பஞ்சு மாதிரி, ஒரு கையில் தூக்கலாம். மற்றது மண்ணிறம், மெலிவு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது விழுந்தும் இருந்தது. என்னைப் போல வடிவு. மத்தியு அந்த மண்ணிற நாய் படுத்திருந்த கம்பளிக்குக் கிட்டப் போனான். அது தொண்டைக்குள் மெல்லமாக உறுமியது. பிள்ளை நின்றுவிட்டான். நாய் எழும்பிப் போய்க் கதிரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. ஷாமினி உடனே, "ஐயோ, உது வேண்டாமப்பா, உறுமுது" என்றாள். மருமகள் பிள்ளைகளைப் பெற்றவள், அவள் பயப்படுவது நியாயம். நீயும் தலையாட்டினாய். அத்தோடு மண்ணிற நாயின் கதை முடிந்தது.

பிறகு லியா வெள்ளையைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்கள், சிரித்தீர்கள், நீ படமும் எடுத்தாய். நான் நாயைப் பார்த்தேன். அதன் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சாப்பிட ஒன்றும் இல்லாத நேரத்தில் நாக்கால் உதட்டை நக்கியது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பியது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. மேலுதடு ஒரு பக்கம் இழுபட்டது. அந்த நேரம் சோபாவில் இருந்த மதாமின் புருஷன் ஒரு விரலைத் தூக்கினார். அவ்வளவுதான். உதடு கீழே இறங்கிவிட்டது. மதாம் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: "பாத்தீங்களே அப்பா, ஐஞ்சு வருசத்திலை ஒருக்காலும் உறுமினதில்லையாம். இவர் அப்பிடிப் பழக்கி வைச்சிருக்கிறாராம்." நான் என் கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன். நீ திரும்பி, "என்ன சொல்றியள் அப்பா?" என்று கேட்டாய். நான், "நல்ல வடிவான நாய்" என்றேன். வடிவான நாயாம். என் வாய்க்கு ஒரு அறை போட வேண்டும்.

அது மட்டும் என்றால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பேன். திரும்பி வரும்போது படகில் நீ ஒரு கதை சொன்னாயே, அதுதான் என் வாயை அடைத்தது. பிள்ளைகளுக்குக் கேட்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "சின்னனிலை நான் எங்கடை வீமனைச் சீண்டினபடியாலைதானே அது மாமான்ரை அஞ்சுவைக் கடிச்சது. இதுகளும் என்ரை பிள்ளையள்தானே, சீண்டுங்கள். அதுதான் அப்பா, என்ன செய்தாலும் பொறுத்துக்கொண்டிருக்கிற நாயாப் பாத்தனான்." படகு கரைக்கு வந்துவிட்டது, நீ காரை எடுக்கப் போய்விட்டாய்.

இனி வீமனின் கதை. உனக்குத் தெரிந்த கதை இல்லை, நடந்த கதை. உனக்கு அப்போது பதினொரு வயது. நாய் வேண்டும் என்று ஒரு முழு மாரிகாலமும் அழுதாய். நாங்கள் வளர்ந்த வீடுகளில் நாய் என்றால் படலையடியில் கட்டிக் கிடக்கும், ஆள் வந்தால் குரைக்கும், மிச்சச் சோறு தின்னும். அதை யாரும் தெரிவு செய்வதில்லை, அதுவாக வந்து சேரும். ஆகவே நாய் தெரிவு செய்வது எப்படி என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சப்பாத்துத் தட்டுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் இருந்த இடத்தைச் சாணால் அளந்தேன். இரண்டு சாண். அந்த இரண்டு சாணுக்குள் அடங்குகிற நாயைத் தேடினேன். சூட்கேஸ் வாங்குகிறவன் மாதிரி தூக்கிப் பார்த்துப் பாரம் பார்த்தேன். சின்ன நாய், சின்ன வாய், சின்னப் பிரச்சினை என்று கணக்குப் போட்டேன். கணக்கில் கோட்டை விட்டவன் என்று மேலே சொன்னேன்தானே. அது பிள்ளைகளோடு இருந்து பழகிய நாயா என்று கேட்கவில்லை. வயதுபோன ஒரு மனுஷியின் மடியில் தனியாக வளர்ந்த நாய் அது. எங்கள் வீட்டிலோ பூசை முடிந்தால் பதினைந்து பேர். கொண்டுவந்து, என் முழங்கால் உயரமும் இல்லாத அதற்கு வீமன் என்று பெயர் வைத்தேன். கேட்டவன் எல்லாம் சிரித்தான். எனக்கு அது போதும்.

வீமன் முதல் மாதம் நன்றாக உறுமியது. ஆட்கள் கூடினால் உறுமும், படுத்திருக்கும்போது யாரும் தொட்டால் உறுமும், சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமும். கட்டடத்துக் காவற்காரர் இரண்டு தரம் கதவைத் தட்டி, இனி ஒரு முறைப்பாடு வந்தால் நாய் வெளியே என்று சொல்லிவிட்டுப் போனார். நீ கதவுக்குப் பின்னால் நின்று அழுதாய். நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒரு வேலை செய்தேன். கடைகளில் இருந்து விளம்பரத் தாள்கள் கட்டுக் கட்டாக வருமே, அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அது உறுமுகிற ஒவ்வொரு தரமும் மூக்கில் ஒரு அடி. நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில்தான் அடித்தேன், ஏனென்றால் நீ பார்த்தால் அழுவாய். எனக்கு அப்போது ஹோட்டல் லோண்டரியில் பின்னேர வேலை, பகல் முழுக்க நானும் நாயும்தான். மூன்று மாதத்தில் வீமன் உறுமுவதை விட்டுவிட்டது. பிறகு தாளைத் தூக்கவே தேவையில்லை, விரலைத் தூக்கினாலே போதும். இப்போது விளங்குகிறதா, லவாலில் நான் ஏன் கையைப் பைக்குள் ஒளித்தேன் என்று?

அது கோபத்தை விட்டதென்று நினைத்தேன் தம்பி. அது சொல்லுவதைத்தான் விட்டது. கோபமும் பயமும் அப்படியே உள்ளுக்குள் இருந்தன. உறுமல் என்பது நாய் எங்களுக்குத் தருகிற தவணை: தள்ளிப் போ, எனக்கு ஏலாமல் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்கிறது. மண்ணிற நாய் மத்தியுவுக்கு அதைத்தான் சொன்னது. சொல்லிவிட்டுத் தானே எழும்பித் தள்ளிப் போனது, கடிக்க வரவில்லை. நீங்கள் எல்லோரும் வெள்ளையோடு நின்ற நேரம் அது திரும்பி வந்து மத்தியுவின் சப்பாத்தை மணந்து பார்த்ததை நீ காணவில்லை, நான் கண்டேன். எங்கள் வீட்டில் நான் அந்தத் தவணையை அடித்துப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு, வருகிறவன் போகிறவனிடம், "எங்கடை நாய்க்கு உறுமவே தெரியாது" என்று பெருமையும் அடித்தேன்.

மிச்சத்தைக் கேள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா குழையல் குழைப்பாள். சட்டியில் மிஞ்சிய சோறு, மீன்குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, சுற்றி இருக்கிற எல்லோருடைய உள்ளங்கையிலும் ஒவ்வொரு உருண்டை வைப்பாள். நானும் பெரிய பகிடிக்காரன் என்று வீமனையும் அந்த வட்டத்தில் இருத்துவேன். உருண்டையை அதன் மூக்குக்கு நேரே பிடிப்பேன், அது வாயைத் திறக்கும், கையை இழுப்பேன். மறுபடி பிடிப்பேன், மறுபடி இழுப்பேன். "பொறு வீமா, பொறு, பெரியாக்கள் சாப்பிடட்டும்." எல்லோரும் சிரிப்பார்கள். அந்தோனி மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். நாயின் உதடு நடுங்கும், ஆனால் சத்தம் வராது. அதற்கு நான் கற்பித்த பாடம் அவ்வளவு சுத்தம். நீயும் என்னைப் பார்த்து இரண்டொரு தரம் அப்படிச் செய்தாய். அதைக் கண்ட அம்மா உன்னை ஏசினாள், என்னை ஏசவில்லை. அந்த இரண்டொரு தரத்தைத்தான் நீ இவ்வளவு காலமும் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமை படகில்தான் விளங்கியது.

அஞ்சுவைக் கடித்த அன்றைக்கு நீ அந்த அறையில் இல்லை. குசினியில் எல்லோருக்கும் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாய். அந்தோனி மாமாவின் மகள் அவளுக்கு அப்போது ஐந்து வயது, இப்போதைய லியாவை விட ஒரு வயது கூட. நான் உருண்டையைப் பிடித்துப் பிடித்து இழுத்துவிட்டு, "பிள்ளை, நீ குடு பாப்பம்" என்று அவளின் கையில் வைத்தேன். நான்தான் வைத்தேன், மற்றவர்கள் அப்போது தங்கள் கதையில் இருந்தார்கள். அவள் நான் செய்த மாதிரியே செய்ய வேண்டும் என்று குனிந்து, கையைத் தன் முகத்துக்குக் கிட்ட இழுத்தாள். வீமன் சத்தம் போடவே இல்லை. ஒருவருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை, பிள்ளைக்கே விளங்கவில்லை, அவள் சிரித்தபடி இருந்தாள். பிறகு கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, இரத்தம். நீ தட்டத்தோடு வாசலில் வந்து நின்று அதைக் கண்டு எல்லாக் கிளாஸையும் கீழே போட்டாய். அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளை அழத் தொடங்கினாள். நாய் இருந்தது வாசலுக்குக் கிட்ட, ஆட்கள் திரும்பிப் பார்த்தபோது அதற்குப் பக்கத்தில் நின்றது நீ.

ஆஸ்பத்திரியில் நாலு தையல். கண் தப்பியது ஆண்டவர் செயல். வெளியே வாங்கிலில் உட்கார்ந்திருந்த அந்தோனி மாமா, சட்டை முழுக்க இரத்தத்தோடு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆரடாப்பா பிள்ளையிட்டைச் சோத்தைக் குடுத்தது?" "நான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஆள் உன் ஞானத்தகப்பன், நான் கனடா வந்தபோது என்னைத் தன் வீட்டில் வைத்திருந்தவர். எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் உன்னைப் பார்த்தேன். "தம்பிதான் நாயோடை எந்த நாளும் உந்தச் சேட்டை விடுறவன். இண்டைக்கும் அவன்தான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பன்னிரண்டு வயது உனக்கு நிரம்பி ஒரு கிழமை. அந்தோனி மாமா, "உண்மையோ தம்பி?" என்று கேட்டார். நீ, "ஓம் மாமா" என்றாய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயா, என்னைக் காப்பாற்ற நினைத்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற துணிவும் வரவில்லை.

அடுத்த நாள் வீமனை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்தேன். நீ சாப்பாட்டு மேசையில், "நான் சீண்டியிருக்காட்டி வீமன் இருந்திருக்கும்" என்றாய். அம்மா உன்னைக் கட்டிப்பிடித்தாள். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு சுளை விடாமல் நாரெல்லாம் எடுத்து உனக்குத் தந்தேன். அப்படி ஒரு அப்பா நான். அதற்குப் பிறகு சனங்கள் கூடுகிற இடத்தில் யாரும் தங்கள் குழந்தையை உன்னிடம் தூக்கத் தரவில்லை. நீயும் கேட்கவில்லை. மத்தியு பிறந்தபோது நர்ஸ் அவனை நீட்ட, நீ கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, "வேண்டாம், ஷாமினியிட்டைக் குடுங்கோ" என்றாய். முதல் தரம் தகப்பனாகிறவன் எல்லோரும் அப்படித்தான் என்று அம்மா சொன்னாள். நான் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்ன நாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், எடு. ஆனால் சாணால் அளந்து எடுக்காதே. மயிர் கொட்டுமா என்று கேட்கிற நேரம், பிள்ளைகள் ஓடிப்பிடித்துக் கத்தி விளையாடுகிற இடத்தில் இருந்த நாயா என்று கேள். சின்ன நாய்க்கு எலும்பும் சின்னது. லியா தூக்கிக் கீழே விட்டால் முறியும், அந்தப் பயத்திலேயே அது கடிக்கும். ஆகவே பிள்ளைகள் நிலத்தில் இருக்கட்டும், நாய் தானாக வரட்டும், வராவிட்டால் விடட்டும். அது சாப்பிடுகிற நேரமும் படுக்கிற இடமும் அதற்கே சொந்தம், அங்கே உனக்கும் வேலையில்லை. பிடிக்காதபோது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகத் தெரிந்த நாயாகப் பார். அந்த மண்ணிற நாயைக் கண்ணை மூடிக்கொண்டு எடு என்றும் நான் சொல்ல மாட்டேன், நான் வைத்தியன் இல்லை. இன்னும் இரண்டு தரம் போய்ப் பார். வெள்ளை நாய்மேலும் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் இல்லாத, பொறுமையான யாராவது அதை எடுத்து, மறுபடி உறுமப் பழக்கினால் நல்லாயிருக்கும். ஆனால் உன் வீடு அதற்குப் பள்ளிக்கூடம் இல்லை.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீரைப் பூட்டவில்லை. பிறகு, "நான் அவனைத்தானே ஏசினனான்" என்றாள். அதற்கு மேல் என்னோடு கதைக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. இன்று காலை அந்தோனி மாமாவுக்குப் போன் எடுத்தேன். அஞ்சு லோயருக்குப் படிக்கிற கதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். இடையில் வெட்டி, "அண்ணை, அண்டைக்குப் பிள்ளையின்ரை கையிலை சோத்தை வைச்சது நான்" என்றேன். அவர் உடனே கேட்டார்:

"பெடியனிட்டைச் சொல்லிப் போட்டியோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"அப்ப ஏன்ரா எனக்கு முதல் எடுத்தனீ?"

போனை வைத்துவிட்டார். அவர் கேட்டது சரி. அந்த ஆளிடம் சொல்வது லேசாக இருந்தது, அதுதான் காரணம்.

இதைத் தபாலில் போட மாட்டேன், ஷாமினியிடமும் கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ் எடுத்து வந்து உன் கையில் தருவேன். நீ உள்ளே போய் வாசி. இந்த வரிக்கு நீ வரும்போது நான் உன் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். என்னை உள்ளே கூப்பிட வேண்டும் என்றில்லை. முதலில் லவாலுக்குப் போன் எடுத்து, அந்த நாய் வேண்டாம் என்று மதாமிடம் சொல். அடுத்தது, நீ வீமனைக் கொல்லவில்லை, அஞ்சுவைக் கடிக்கவும் வைக்கவில்லை. இதை ஷாமினிக்கும் வாசித்துக் காட்டு. அதற்குப் பிறகு வெளியே வா. அந்த ஆஸ்பத்திரி வாங்கிலில் "ஓம் மாமா" என்று சொன்ன நாளில் இருந்து நீ ஒரு தரம்கூட என்னை எதிர்த்துக் கதைத்ததில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கு அந்த நல்ல பிள்ளை வேண்டாம். வந்து ஏசு. தெருவில் ஆட்கள் நின்று பார்த்தாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தாலும் பரவாயில்லை. வாயை மூடிக்கொண்டு, "சரியப்பா, விடுங்கோ" என்று மட்டும் சொல்லாதே.

அப்பா